நடப்பவளா, ஓட்டுபவளா?

1

நாங்கள் வசிக்கும் இந்தக் கனடாச் சிற்றூரின் ஆற்றங்கரைப் பாதையில், மின்சார ஸ்கேட்போர்டுகளுக்கென்று ஒரு சட்டம் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதில் ஒரு வரி என் வாயிலிருந்து போனது. என்னைச் சட்டம் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து, பக்கத்து இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு, இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளின் காலைச் சாப்பாட்டைத் தட்டில் எடுத்து வைப்பவள். ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பில்லாதது, சர்க்கரைக்காரருக்கு இனிப்பில்லாதது. அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலு குட்டிச் சக்கரம் வைத்த ஒரு பலகை. அடியில் பேட்டரி. கையில் டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். கட்டை விரலால் முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். நிற்கும் என்று சொன்னது பலகையைத்தான். மேலே இருக்கும் ஆள் நிற்பாரா என்பது வேறு விஷயம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, உட்காரச் சீட்டு கிடையாது. பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிப் பழகியவர்களுக்குக்கூட அதில் ஏறக் கொஞ்சம் தயக்கம் வரும்.

நாற்பத்தாறு வயதில் நான் அதில் ஏறியதற்குக் காரணம் பஸ். என் வேலை விடியும் முன்னே தொடங்கிவிடும். முதல் பஸ் விடிந்த பிறகுதான் வரும். வீட்டில் இருக்கும் ஒரே காரை என் வீட்டுக்காரர் குருசாமி இரவு ஷிஃப்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் ஊரில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இங்கே கார் உதிரிப் பாகம் செய்யும் ஆலையில் இருக்கிறார். அவர் திரும்பி வரும்போது நான் வேலையில் இருப்பேன். ஆக, நடைதான். ஆற்றங்கரைப் பாதையில் வேகு வேகென்று நடந்து, பாலத்தைத் தாண்டி, மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது, அங்கே ஒரு கட்டிலில் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

2

பலகை உண்மையில் என் மகன் கதிருடையது. அடுத்த வீட்டுப் பையன் கல்லூரிக்குப் போகும்போது இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு கோடை முழுக்க அதிலேயே கிடந்தான். பிறகு அவனுடைய நண்பர்களுக்கு அதில் ஆசை விட்டுப்போனது, இவனுக்கும் விட்டுப்போனது. கராஜில் பனிக்காலச் செருப்புகளுக்கு நடுவே தூசி பிடித்துக் கிடந்ததை நான்தான் துடைத்து எடுத்தேன்.

வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு பழகினேன். முதல் வாரத்தில் மெஷினை விட்டேன். இரண்டாம் வாரத்தில் விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. குருசாமி மருந்துப் பெட்டியிலிருந்து கட்டுப் போடும் காஸ் துணியை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழையைப் பார்த்தார்.

"இது நம்ம ஊரு துணி."

"எனக்கு ரத்தம் வருது."

"நெசவப் பாரு சிவகாமி. இராஜபாளையத்துத் தறிதான் இது. சத்தியமாச் சொல்றேன்."

"கட்டுங்க மொதல்ல."

இந்த உலகத்தில் யார் எங்கே விழுந்து அடிபட்டாலும் அவர் ஊர்த் துணிதான் கட்டுகிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான நான் பால்கோவாவைப் பற்றி வாய் திறந்தால் மட்டும், "அதத் தின்னா சுகர்தான் வரும். எங்க ஊரு துணி உசிரைக் காப்பாத்தும்" என்பார். இரண்டு ஊருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் கண் அசரக்கூட நேரம் இருக்காது. ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருடமாக இந்தச் சண்டைக்கு முடிவு கிடைக்கவில்லை.

காயம் ஆறியதும் பாதையில் இறங்கிவிட்டேன். வேகமாகப் போவதில்லை. அவசரமாக நடப்பவர் ஒருவர் என்னை முந்திப் போய்விடலாம், சிலர் முந்தியும் இருக்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்காமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அது போதாதா?

கதிருக்குத்தான் போதவில்லை. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. வேலை முடிந்து மதியம் நான் திரும்பும் நேரமும் அவன் பள்ளி விடும் நேரமும் ஒன்று. ஹெல்மெட், சுடிதார், அதற்கு மேல் முழங்கால் வரை மழைக் கோட்டு, முதுகில் டிபன் பை என்று நான் பள்ளி வாசலைக் கடந்துபோனதை அவன் நண்பர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள் வைத்தான். அந்த வழியாகப் போவதென்றால் போகலாம், ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது, கையாட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது.

"அப்ப நான் ஆருடா ஒனக்கு?" என்றேன்.

"ஜஸ்ட் பாஸிங் பை, அம்மா," என்றான். வெறும் வழிப்போக்கர்.

அதன் பிறகு தினமும் அந்த வாசலை, ஊரே தெரியாத ஒருத்தி மாதிரி, நேரே பார்த்துக்கொண்டு கடந்தேன்.

3

என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராஃபிக் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ அழைப்பில் பலகையைக் காட்டினேன். மகள் வெளிநாட்டில் ஒரு புது வண்டி ஓட்டுகிறாள் என்று பெருமைப்படுவார் என நினைத்தது என் தப்பு.

"பிரேக்கு எங்க இருக்கு?"

"கையில, ரிமோட்டுல இருக்குப்பா."

"நம்பர் பிளேட்டு?"

"கெடையாது."

"ஆர்.சி. புக்கு? இன்சூரன்ஸ்?"

"ஒண்ணும் கெடையாதுப்பா. இங்க யாரும் கேக்கல."

"கேக்கலைன்னா இனிமே கேப்பான். ஏட்டி, வண்டின்னா நம்பர் இருக்கணும். நடக்கிறவன்னா காலு தரையில இருக்கணும். ஒனக்கு ரெண்டும் இல்ல. நீ நடக்கிறவளா, ஓட்டுறவளா?"

அவரிடம் வாதாடிப் பயனில்லை. கல்லூரியில் படிக்கும்போது, சித்தி மகளின் மொபெட்டை எடுத்துக்கொண்டு ரத வீதியில் வந்தேன். முனையில் நின்றிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லைசென்ஸ எடு."

"அப்பா, நாந்தான்."

"ஆருன்னு கேக்கல. லைசென்ஸ் கேட்டேன்."

பூக்கடை, வளையல் கடை எல்லாம் வேடிக்கை பார்க்க, மடவார் வளாகம் வரை மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சாப்பிடும்போது ஒன்றும் நடக்காதது போல, "என்னட்டி, வண்டி ரொம்பக் கனமோ?" என்று கேட்டார். அம்மா குழம்புக் கரண்டியோடு அவரை முறைத்தாள்.

அதே அப்பா பணி செய்த சாலைகளையும் சொல்ல வேண்டும். சில வருடம் அவர் நின்ற இராஜபாளையம் மெயின் ரோட்டில் ஒரே நேரத்தில் மதுரை பஸ், தென்காசி பஸ், சேத்தூரிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் பைக், பஞ்சு மூட்டை லாரி, சைக்கிள், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போகும். யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அந்த நிமிடத்தில் கண்ணும் ஆரனுமாக முடிவு செய்துகொள்வது. ஹார்னுக்கு எங்கள் பக்கத்தில் ஆரன் என்றுதான் பெயர். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் எனக்கு மானம் போகப் போகிறது.

4

அப்பா சொன்னது போலவே கேட்டார்கள். பாதையில் நடக்கும் முதியவர்கள் சிலர், ஸ்கேட்போர்டுகளை ஆற்றங்கரைப் பக்கமே வரவிடக் கூடாது என்று நகராட்சியில் புகார் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மார்கரெட் என்ற அம்மாள் தலைவி மாதிரி. வெள்ளை முடி, சிவப்புத் தொப்பி, ஒரு சின்ன நாய். என்னைப் பாதையில் எதிர்கொள்ளும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தடை விதிக்கலாமா என்று கவுன்சில் கூட்டத்தில் பேசப் போகிறார்கள், பொதுமக்களும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

மருத்துவமனையில் விஷயத்தைச் சொன்னேன். சமையலறை மேற்பார்வையாளர் நல்ல பெண்மணிதான். "காலை ஷிஃப்டுக்கு வர வழியில்லை என்றால் மாலை ஷிஃப்டுக்கு மாற்றித் தருகிறேன்," என்று உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். மாலை ஷிஃப்ட் என்றால் கதிர் பள்ளி விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். நான் வரும்போது அவன் தன் அறைக் கதவைச் சாத்தியிருப்பான். காலையில் அரைத் தூக்கத்தில் அவன் ரொட்டி மெல்லும் நேரம் மட்டும்தான் எனக்கு மிஞ்சும். என்னைத் தெரியாதது போல நடந்துகொள்ளும் பிள்ளைதான். என்றாலும், தெரியாதது போல நடந்துகொள்வதற்காவது நான் எதிரில் இருக்க வேண்டாமா?

"நான் போய்ப் பேசுறேன்," என்றேன்.

குருசாமி உற்சாகத்தில் உடனே ஊருக்குப் போன் போட்டுத் தம்பி தங்கப்பாண்டியிடம், "ஒங்க மதினி கவுன்சிலுக்குப் போறா," என்று சொல்லிவிட்டார். தங்கப்பாண்டி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருப்பவர். நல்ல மனுஷர். அவசரக்காரர். இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ். யாரோ கல்யாணத்தில் எடுத்த என் படம், கண் பாதி மூடியிருக்க, தோளில் வேறு யாருடைய கையோ வெட்டுப்பட்டுக் கிடந்தது. "கனடா நாட்டில் கவுன்சிலராகப் பொறுப்பேற்கும் எங்கள் குலவிளக்கே!" கீழே வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட தங்கப்பாண்டியின் நண்பர்கள்.

போன் செய்தேன்.

"தம்பி, நான் கவுன்சிலர் இல்ல. கவுன்சில்ல போயி பேசப் போறேன், அம்புட்டுதான்."

"பேசுறதுதான மதினி கவுன்சிலர் வேலை?"

"அத மொதல்ல அவுத்து எடுங்க."

"கட்டுன பயலுக சிவகாசிப் பக்கம் போயிட்டானுக மதினி. நாளைக்கு வந்துதான் அவுப்பானுக. அது வரைக்கும் நீங்க கவுன்சிலரா இருங்க, என்ன இப்ப?"

அந்த ஒரு நாளுக்குள்தானா அப்பா இராஜபாளையம் வர வேண்டும்? டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"ஏட்டி, பஸ் ஸ்டாண்டுல ஒன் மூஞ்சியப் பாத்தேன். எந்தக் கட்சி?"

5

கூட்டத்துக்குக் கதிர் வர மறுத்துவிட்டான். குருசாமி பின் வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிந்தால் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். முதலில் நகராட்சிச் சட்ட அதிகாரி எழுந்து, இந்தச் சாமான் வாகனச் சட்டத்திலும் வரவில்லை, நடப்பவர் சட்டத்திலும் வரவில்லை என்று நீளமாக விளக்கினார். அப்பா இரண்டு வாக்கியத்தில் சொன்னதுதான்.

என் முறை வந்தது. மேயர் அம்மாள் கனிவாகத்தான் கேட்டார்: "நீங்கள் உங்களை நடப்பவர் என்று சொல்வீர்களா, ஓட்டுபவர் என்றா?"

எழுதி வைத்திருந்த ஆங்கிலம் அத்தனையும் மறந்துபோனது. "நடக்க வேண்டியவள்தான்," என்றேன். "நடந்தால் வேலைக்கு நேரத்தில் போக முடியாது. அதனால் ஓட்டுகிறேன். ஆனால் ஐ ஆம் வெரி ஸ்லோ வுமன்." என் வேகத்தைத்தான் சொன்னேன். அறை முழுக்க ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது.

ஓர் உறுப்பினர் கேட்டார்: "எதிரே ஆட்கள் நடந்து வந்தால் என்ன செய்வீர்கள்?"

"ஐ வில் ஹிட் ஆரன்," என்றேன்.

ஓரத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஒல்லியான உறுப்பினர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முன்னால் இருந்த பெயர்ப் பலகையில் ஆரன் என்று எழுதியிருந்தது. எனக்கு அது கண்ணில் படவில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, புரியவில்லை போலும் என்று நினைத்து, "எவ்ரி டைம்! ஹிட் ஆரன், தென் ஒன்லி கோ," என்று கையால் அடித்தும் காட்டினேன். பின் வரிசையிலிருந்து குருசாமிதான், "ஹார்ன், ஹார்ன்! பீம் பீம்!" என்று கத்தி என்னைக் காப்பாற்றினார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அதிலும் அதிகமாகச் சிரித்தவர் ஆரன்.

அப்புறம் மார்கரெட் எழுந்தார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. அவருடைய கணவர் கைத்தடி ஊன்றி நடப்பவர். ஒரு நாள் இரண்டு பையன்கள் பலகையில் உரசிக்கொண்டு போனதில் தடுமாறிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாராம். "நாற்பது வருடம் இருவருமாக நடந்த பாதை. இப்போது நானும் நாயும் மட்டும் போகிறோம்," என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்த அம்மாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பாஷையில் ஏதோ திட்டுகிறார்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால், பதற்றத்தில் நான் கத்துவது ஒன்றே ஒன்றுதான். "ஓரம் போங்க, ஓரம் போங்க!" என் பலகையில் ஆரனே கிடையாது. வாய்தான் ஆரன். மேயர் அனுமதியோடு எழுந்து, அது திட்டு இல்லை, கொஞ்சம் ஓரமாகப் போங்கள் என்ற மரியாதையான வேண்டுகோள் என்று விளக்கினேன். 'போங்க' என்பதில் இருக்கும் 'ங்க'தான் மரியாதை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"அப்படியானால் பையன்களை என்ன செய்யலாம்?" என்று மேயர் பொதுவாகக் கேட்டார்.

என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஒரு தாயிடம் அப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "சின்னப் பிள்ளைகள் என்றால் அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும்," என்று சொல்லிவிட்டேன். மார்கரெட் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

கூட்டம் முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓராம் பொங்க," என்று சொல்லிப் பார்த்தார். 'ங்க' மட்டும் சரியாக வந்தது.

6

தடை வரவில்லை, சட்டம் வந்தது. ஹெல்மெட், மணி, விளக்கு கட்டாயம். வேகம் அடக்கமாக இருக்க வேண்டும். பாலத்தில் இறங்கிப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் கூட வர வேண்டும். இதுதான் நான் சொன்ன வரி.

கூட்டத்தின் காணொளியை நகராட்சி இணையத்தில் போட்டிருந்தது. கதிரின் பள்ளி முழுக்கப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அவன் நண்பர்களுக்கு மறுபடி பலகை ஆசை வந்திருந்தது. அவர்கள் எல்லாரும் பதினாறைத் தாண்டியவர்கள். இவன் ஒருவன்தான் பாக்கி.

"அம்மா, யூ மேட் திஸ் லா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டான்.

"நான் எங்கடா போட்டேன்? சொன்னேன், அவ்வளவுதான்."

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டான். அதற்கு மறுநாள் குருசாமி பழைய சாமான் விற்ற ஒரு வீட்டிலிருந்து இன்னொரு பலகையை வாங்கி வந்தார். அதைப் பார்த்ததும் அவனுடைய கொள்கை கொஞ்சம் தளர்ந்தது. வாசலில் காத்திருக்கக் கூடாது, வளைவில் இருக்கும் மேப்பிள் மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு என்னோடு வீடு திரும்பச் சம்மதித்தான். நான் மரத்துக்குப் பின்னால் நிற்பேன். அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வருவான். கள்ளக் கடத்தல்காரர்கள்கூட இத்தனை முன்னெச்சரிக்கையோடு சந்தித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது பேசாமல் எவ்வளவு தூரம் போவது? முதல் வாரம், "அம்மா, மெதுவா." இரண்டாம் வாரம், கணக்கு வாத்தியாரைப் பற்றிக் கோபமாக இரண்டு வாக்கியம். அப்புறம் தினமும் ஏதாவது வந்தது. கையில் போன் இல்லாமல், ரிமோட் மட்டும் வைத்துக்கொண்டு அவன் என்னோடு பேசியது அந்த மாதங்களில்தான். பனிக்காலத்தில் பலகையை மூடி வைத்தோம். வசந்தம் வந்ததும் மறுபடி கிளம்பினோம். மார்கரெட் தன் கணவரை மெல்லக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார். நாங்கள் மணியடித்து இறங்கி நிற்போம். கைத்தடிக்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது, ராணுவத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுபவர் போலத் தலையசைப்பார்.

போன மாதம் கதிருக்குப் பதினாறு முடிந்தது. கேக் வெட்டிய மறுநாள் மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன், பழக்க தோஷம். அவன் நண்பர்களோடு முன்னாலேயே போய்விட்டிருந்தான். சட்டப்படி சரிதான். நான் போட்ட சட்டம்தான். கொஞ்ச நேரம் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

பாலத்துக்கு வந்தால் ஒரு கூட்டம். பச்சை மேல்சட்டை போட்ட நகராட்சி அதிகாரி, இளம் வயது, கையில் அபராதச் சீட்டு. அவர் முன்னால் கதிர். நண்பர்கள் மூவரும் தங்கள் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உத்தமர்களாகத் தள்ளி நின்றார்கள். பாலத்தின் மேல் இறங்காமல் ஓட்டியவன் இவன் ஒருவன்தான் போலிருக்கிறது.

நான் முறைப்படி இறங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு, வழக்கம் போல நேரே பார்த்தபடி நடந்தேன். கையாட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. எல்லாம் நினைவில் இருந்தது.

"அம்மா!"

ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்டிருக்கும். நண்பர்கள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அதிகாரிக்குப் புரியக் கூடாது என்று படபடவென்று தமிழில் கொட்டினான்.

"அம்மா, இவர்ட்ட சொல்லுங்க. நீங்கதான் இந்தச் சட்டம் போட்டவங்கன்னு சொல்லுங்கம்மா. விட்டுருவாரு!"

கனடாவில் பிறந்து, ரசத்தைச் சூப் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை. மாட்டிக்கொண்டதும் ஆள் பிடிக்கிறான், செல்வாக்கைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான். இதை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் அன்றைக்கே பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

அதிகாரி என்னைப் பார்த்து, "இவர் பெயரை எப்படி எழுதுவது?" என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று.

"அம்மா!" என்றான் மறுபடி, இந்த முறை அழாத குறையாக.

"பேசாம நில்லுலே. சட்டம் போட்டவ மகன்னு தெரிஞ்சா ரெண்டா எழுதுவாரு."

நண்பர்கள் அவனிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்கள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். நான் சொன்னதைவிட நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும். முதலில் சிரித்தவர் அந்த அதிகாரிதான்.